விதி செத்தது, வண்டி பிழைத்தது: ஃபெராரி எஃப்40 – ஒரு நிகழ்வு ஆய்வு

ஃபெராரி எஃப்40 வண்டியின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது பசை. பாகமும் பாகமும் சேரும் இடங்களில் பச்சை நிறத்தில் பிதுங்கி, அப்படியே காய்ந்துபோய் நிற்கும். தரையில் கம்பளம் கிடையாது. கதவின் உள்பக்கம் கைப்பிடி கிடையாது. திறக்க வேண்டுமென்றால் அங்கே ஓடும் ஒரு கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். பாட்டுப் பெட்டி இல்லை. காகிதம், கண்ணாடி போட்டு வைக்க டாஷ்போர்டில் ஒரு பெட்டி இல்லை. முதலில் வந்த வண்டிகளில் சன்னல் கண்ணாடிகூடக் கண்ணாடி இல்லை. மாருதி ஆம்னியின் நடுச் சன்னல் மாதிரி பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற பிளாஸ்டிக். இந்த வண்டிக்கு அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் டாலர் விலை வைத்தார்கள். வரிசையில் நின்று வாங்கினார்கள்.

எஃப்40 பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விஷயங்களை எல்லோரும் சொல்வார்கள். நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி உயிரோடு இருந்தபோது அவரே ஒப்புதல் கொடுத்து வெளியிட்ட கடைசி வண்டி என்பது ஒன்று. எண்ணிக்கை குறைவாகச் செய்த அபூர்வ வண்டி என்பது இன்னொன்று. முதலாவது சரி. இரண்டாவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ரத்தாகிப்போன ஒரு பந்தய விதி, அதனால் வேலையில்லாமல் நின்ற சில சோதனை வண்டிகள், கையில் இருந்த பதின்மூன்று மாதம் – இந்த மூன்றும் சேர்ந்துதான் எஃப்40ஐ எஃப்40 ஆக்கின என்பது என் கணக்கு. அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம்.

மூன்று சிசி

கதை 1982இல் தொடங்குகிறது. கார் பந்தயங்களில் ‘குரூப் பி’ என்ற புதிய பிரிவு அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 12 மாதத்தில் 200 வண்டி செய்து காட்டினால் போதும், பந்தயத்தில் இறக்கலாம். அதற்கு மேல் இன்னும் 20 வண்டி செய்தால், அவற்றைக் கூடுதலாக முறுக்கேற்றிய வடிவத்தில் ஓட்டலாம். மற்றபடி கட்டுப்பாடுகள் கொஞ்சம்தான். பொறியாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஃபெராரி இதற்காகச் செய்தது 288 ஜிடிஓ. 1984இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. அதன் எஞ்சின் கொள்ளளவு 2855 சிசி. ஏன் இப்படி ஒரு உருப்படாத எண்? காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் டர்போ வைத்த எஞ்சின் என்றால் அதன் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கித்தான் எந்த வகுப்பு என்று விதி தீர்மானிக்கும். 2855ஐ 1.4ஆல் பெருக்கினால் 3997. நாலாயிரம் சிசி வகுப்பின் கூரைக்கு மூன்று சிசி கீழே. தலை இடிக்காமல் நுழைந்துவிட்டார்கள்.

200க்குப் பதில் 272 வண்டிகள் செய்து விற்றார்கள். பந்தயத்துக்காக அதை மேலும் வளர்த்து ‘எவலூட்சியோனே’ என்ற வடிவத்தையும் தொடங்கினார்கள். அதே 2855 சிசி எஞ்சினில் பெரிய டர்போக்களை மாட்டி 650 குதிரைத்திறன் வரை எடுத்தார்கள். கலப்பு இழைகளால் ஆன உடம்பு, எங்கே பார்த்தாலும் காற்று போகத் துளை, பின்னால் ஒரு பெரிய இறக்கை. அழகுக்கும் அதற்கும் ரொம்பத் தூரம்.

அப்புறம் 1986 வந்தது. மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் ஒரு வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இறந்தார்கள். மே 2ஆம் தேதி கோர்சிகா தீவில் ஹென்றி தொய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்தோவும் சென்ற லான்சியா டெல்டா எஸ்4 மலைச்சாலையிலிருந்து சரிந்து தீப்பற்றி எரிந்தது. இருவரும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் குரூப் பி கிடையாது என்று அறிவிப்பு வந்தது.

ஃபெராரி ராலி ஓட்டவில்லை. அவர்கள் கண் வைத்திருந்தது தார் ஓடுதளப் பந்தயங்களில். ஆனாலும் பிரிவே போன பிறகு எவலூட்சியோனேயை இறக்க இடம் ஏது? ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோ ஊரின் கொட்டகையில் ஐந்து வண்டிகள் நின்றன.

மத்தெராட்சி

இந்த இடத்தில் நிக்கோலா மத்தெராட்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கு இத்தாலியில் சலேர்னோ பக்கத்துச் சின்ன ஊர்க்காரர், 1939இல் பிறந்தவர். லான்சியாவில் ஸ்த்ராதோஸ் வண்டியில் வேலை பார்த்தவர். ஃபெராரி தன் ஃபார்முலா 1 காருக்கு டர்போ எஞ்சின் செய்யத் தொடங்கிய காலத்தில் அங்கே வந்து சேர்ந்தார். டர்போ என்றால் அந்த நிறுவனத்தில் அவர்தான் என்கிற அளவுக்கு அனுபவம். 288 ஜிடிஓவின் எஞ்சின், எவலூட்சியோனே, எஃப்40 என மூன்றிலும் அவர் கை இருக்கிறது. 2022இல் காலமானார். இத்தாலிக்கு வெளியே அவர் பெயர் அவ்வளவாகத் தெரியாமல் போனது அநியாயம். எஃப்40 என்றால் படத்தில் வருவது என்ஸோவின் கறுப்புக் கண்ணாடிதான்.

1986இல் என்ஸோவுக்கு 88 வயது. 1969இலேயே நிறுவனத்தின் பாதிப் பங்கை ஃபியட் வாங்கியிருந்தது. சாலை வண்டிகளைப் பற்றிய முடிவுகளில் ஃபியட்காரர்களின் பேச்சுதான் எடுபட்டது. கிழவருக்குப் பந்தயப் பிரிவு. அப்போது விற்பனையில் இருந்த டெஸ்ட்டரோஸா அகலமான, குளுகுளு வசதியுள்ள, மெத்தை வைத்த வண்டி. ‘ஃபெராரி சொகுசு வண்டியாகிவிட்டதே’ என்று பழைய வாடிக்கையாளர்களே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு நிறுவனத்தின் பெயர் தாங்கிய முதல் வண்டி வந்து நாற்பது ஆண்டு நிறைகிறது.

ஆக, முணுமுணுப்பு ஒரு பக்கம், நாற்பதாம் ஆண்டு ஒரு பக்கம், கொட்டகையில் சும்மா நிற்கிற பந்தய வண்டிகள் ஒரு பக்கம். எவலூட்சியோனேயைச் சாலைக்கு ஏற்ற மாதிரி மாற்றி விற்கலாம் என்ற முடிவு 1986 ஜூனில் எடுக்கப்பட்டது. 1987 ஜூலை 21ஆம் தேதி மரனெல்லோவில் துணியை விலக்கிக் காட்டினார்கள். இடையில் பதின்மூன்று மாதம். ஒரு புது காரை வெறும் தாளிலிருந்து தொடங்கிச் செய்ய இந்த நாள் போதவே போதாது. கையில் இருந்ததை வைத்துத்தான் சமைக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு முடிவையும் இதை மனதில் வைத்துப் பார்த்தால் புரியும்.

எஞ்சின்: வரம்பு போன பிறகு

எஃப்40இன் எஞ்சின் 90 பாகை கோணத்தில் பிரிந்த வி8. ஜிடிஓவில் சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 71. இதில் விட்டத்தை 82ஆகக் கூட்டி, ஏறி இறங்கும் தூரத்தை 69.5ஆகக் குறைத்தார்கள். மொத்தக் கொள்ளளவு 2936 சிசி. பழைய விதிப்படி 1.4ஆல் பெருக்கிப் பாருங்கள்: 4110. நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஜிடிஓவின் எஞ்சினை ஒரு சட்டப்புத்தகம் அளந்து கொடுத்தது என்றால், இந்த எஞ்சினை அளந்து கொடுக்க யாருமில்லை. இந்த வண்டியின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒரு எண்ணைக் காட்டச் சொன்னால் நான் 2936ஐத்தான் காட்டுவேன். விட்டம் அகலமானால் வால்வுகளைப் பெரிதாக வைக்கலாம். பிஸ்டன் ஓடும் தூரம் குறைந்தால் வேகமாகச் சுற்றலாம். 7000 சுற்றில் 478 குதிரைத்திறன், 4000 சுற்றில் 577 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஜிடிஓவில் இருந்தது 400 குதிரைத்திறன்.

சிலிண்டர் வரிசைக்கு ஒன்றாக, ஜப்பானின் ஐஎச்ஐ நிறுவனத்தின் இரண்டு டர்போக்கள். எஞ்சின் வெளியே விடும் புகையின் வேகத்தில் ஒரு விசிறி சுழலும். அது இன்னொரு விசிறியைச் சுழற்றி வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். காற்றை அமுக்கினால் சூடாகும், சூடான காற்று விரிந்துவிடும் என்பதால் வழியில் அதைக் குளிரவைக்க இன்டர்கூலர்கள். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 1.1 பார் வரை அமுக்கினார்கள். இவ்வளவு காற்றைத் திணிக்கும்போது பிஸ்டனும் தன் பங்குக்கு அளவுக்கு மீறி நசுக்கினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினை உடைத்துவிடும். அதனால் அமுக்க விகிதத்தை 7.7க்கு 1 என்று தாழ்வாக வைத்தார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. டர்போ சுழலாத நேரத்தில் இது தாழ்ந்த அமுக்கமுள்ள, சோம்பலான ஒரு மூன்று லிட்டர் எஞ்சின். மூவாயிரம் சுற்றுக்குக் கீழே மிதித்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. பிறகு டர்போ விழித்துக்கொள்ளும். மெல்ல ஏறும் பிக்-அப் என்ற பேச்சே கிடையாது. யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி மொத்தமாக வரும். வளைவின் நடுவில் இருக்கும்போது அது வந்தால் பின்சக்கரம் வழுக்கும். காப்பாற்றக் கணினி எதுவும் இல்லை. இதைத்தான் ‘குணம்’ என்று இன்றைக்குக் கொண்டாடுகிறார்கள். பொறியியல் மொழியில் சொன்னால் இது தீர்க்கப்படாத ஒரு தாமதம். 1980களின் டர்போவுக்கு அதற்கு மேல் தெரியாது.

வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் நடுவில் மூன்று புகைக்குழாய்கள் வரிசையாகத் தெரியும். எட்டு சிலிண்டருக்கு ஏன் மூன்று? ஓரத்தில் இருக்கும் இரண்டும் சிலிண்டர் வரிசைக்கு ஒன்று. நடுக்குழாய் வேஸ்ட்கேட்டினுடையது. அழுத்தம் அளவு மீறும்போது டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடப்படும் புகை வெளியேறும் வழி அது. அழுத்தம் முட்டும் தருணத்தில் அந்த நடுக்குழாயின் சத்தம் தனியாகக் கேட்கும். அலங்காரத்துக்கு வைத்த குழாய் இல்லை.

எலும்பு இரும்பு, தோல் கார்பன்

கார்பன் வண்டி என்று எஃப்40ஐச் சொல்வது வழக்கம். பாதிதான் உண்மை. எலும்புக்கூடு உருக்குக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்தது. இத்தாலியில் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த பழைய முறை. ஃபார்முலா 1இல் மெக்லாரன் 1981இலேயே முழுக் கார்பன் தொட்டிக்கு, அதாவது ஓட்டுநர் உட்காரும் நடுக்கூடு முழுவதையும் கார்பன் இழையில் செய்யும் முறைக்கு, மாறிவிட்டது. ஃபெராரியின் பந்தயப் பிரிவும் சீக்கிரமே அந்த வழிக்கு வந்திருந்தது. அப்படியானால் இங்கே ஏன் இல்லை?

ஒரு கார்பன் தொட்டியை அச்சில் அடுக்கி, சூளையில் வேகவைத்து எடுக்க நாள் பிடிக்கும். பந்தயத்துக்கு ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு போதும். நூற்றுக்கணக்கில் விற்க நினைக்கிற சாலை வண்டிக்கு அது நடக்காது. பதின்மூன்று மாதத்தில் புதிதாக ஒன்றை வடிவமைத்து, சோதித்து, ஆட்களைப் பழக்கவும் முடியாது. குழாய் பற்றவைக்கத் தெரிந்த கைகளோ மொதேனா வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு இருந்தன.

அதனால் நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள். குழாய்ச் சட்டத்தின் மீது கார்பனும் கெவ்லர் என்ற வலுவான செயற்கை இழையும் கலந்த தட்டுகளைத் தரை, டாஷ்போர்டு, தடுப்புச் சுவர் போன்ற இடங்களில் பசை போட்டு ஒட்டினார்கள். ஒட்டிய தட்டும் சட்டமும் சேர்ந்து முறுக்கைத் தாங்கும். வெறும் குழாய்ச் சட்டத்தைவிட முறுக்குத் தாங்கும் வலு மூன்று மடங்கு கூடியது, எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்பது ஃபெராரி சொல்லும் கணக்கு. தொடக்கத்தில் சொன்ன பச்சைப் பசை இதுதான். சட்டத்தையும் தட்டையும் ஒன்றாக்குகிற உயிர்நாடி அது. அதன் மேல் ஒரு மூடி போட்டு மறைத்தால் மூடியின் எடை கூடும். எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

வெளி உடம்பு மொத்தம் பதினோரு பாகம்தான். பின்பக்கம் முழுவதும் ஒரே துண்டு; தூக்கினால் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் திறந்த வீடு மாதிரி தெரியும். பெயின்ட்டும் எடைதான் என்பதால் மெல்லியதாக அடித்தார்கள். எவ்வளவு மெல்லியது என்றால், சாய்ந்த வெயிலில் பார்த்தால் சிவப்புக்கு அடியில் இழைகளின் பின்னல் பாய் முடைந்த மாதிரி தெரியும். நம்மூர் டிங்கரிங் பட்டறையில் இதைக் கொண்டுபோய் விட்டால் ‘பட்டி போடாம பெயின்ட் அடிச்சிருக்காங்க சார்’ என்று சொல்வார்கள்.

எண்ணெய், பெட்ரோல் எதுவும் ஊற்றாமல் 1100 கிலோ என்று நிறுவனம் சொன்னது. ஊற்றாத எடையைச் சொல்வது இந்தத் தொழிலின் பழைய சாமர்த்தியம். இரண்டு பக்கமும் இருக்கும் தொட்டிகளில் சேர்ந்து 120 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். அதுவே தொண்ணூறு கிலோ பக்கம் வரும். அதையும் சேர்த்தாலும் அன்றைய மற்ற வண்டிகளுக்கு முன் இது இளைத்த உடம்புதான்.

எடை குறைந்ததால் மற்றதும் எளிதாகிறது. ஸ்டீயரிங்குக்குப் பவர் உதவி இல்லை. பிரேக்குக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. நிறுத்த வேண்டுமென்றால் காலால் நன்றாக மிதிக்க வேண்டும். குளிர்சாதனம் மட்டும் உண்டு. பின்னால் இரண்டு டர்போ கொதித்துக்கொண்டிருக்க, முன்னால் பெரிய சாய்ந்த கண்ணாடியில் வெயில் இறங்க, அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் வெந்துபோவார். இருக்கை கார்பன், கெவ்லர் இழைகளால் செய்த ஓடு. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் கிடைத்தது. பேன்ட் சட்டை மாதிரி இடுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

இறக்கையை ஒளிக்கவில்லை

வடிவம் பினின்ஃபரினா நிறுவனத்தினுடையது. அங்கே லியோனார்தோ ஃபியோரவந்தி தலைமையில், பியெத்ரோ கமர்தெல்லா வரைந்தார். டேட்டோனா, 308 ஜிடிபி, 288 ஜிடிஓ எல்லாம் ஃபியோரவந்தியின் கைவண்ணம். எஃப்40இன் நடுப்பகுதியை மட்டும் கையால் மறைத்துவிட்டு முன்னையும் பின்னையும் பாருங்கள். பிறகு முன்பின்னை மறைத்து நடுப்பகுதியைப் பாருங்கள். கூரை, முன்கண்ணாடியின் சாய்வு, கதவின் மேல்விளிம்பு எல்லாம் 1975இல் வந்த 308இன் குடும்ப முகம். சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்கூட ஜிடிஓவில் இருந்த அதே 2450 மில்லிமீட்டர். அம்மா முகத்தை மகள் மறைக்கவில்லை.

ஃபியோரவந்தி காற்றியல் படித்த பொறியாளர். பினின்ஃபரினாவுக்கு 1972 முதல் சொந்தக் காற்றுச் சுரங்கம் உண்டு. காற்று வண்டியை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்று சொல்லும் இழுவிசைக் குணகம் எஃப்40க்கு 0.34. அந்தக் காலத்துக்குக்கூட அது பெரிய சாதனை இல்லை. சாதாரண குடும்பக் கார்கள் சில அதைவிடக் குறைவாக வைத்திருந்தன. ஆனால் குடும்பக் கார் மணிக்கு 324 கிலோமீட்டரில் போகாது. அந்த வேகத்தில் வண்டி தரையை விட்டுக் கிளம்பாமல் இருக்க வேண்டும். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் காற்று போக வேண்டும். காற்று எளிதாக வழுக்கிப் போவதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தரையோடு ஒட்டுவதை வாங்கிக்கொண்டார்கள்.

வெளிப்படையாகச் செய்ததுதான் இதில் அழகு. உடம்பில் வெட்டிய ஒவ்வொரு துளைக்கும் உள்ளே ஒரு வேலை காத்திருக்கிறது. எஞ்சின் மேல் மூடியிருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடியில் சீப்பு மாதிரி வரிசையாகக் கீறல் வைத்தது, சூடு மேலே போவதற்காக. பின்இறக்கை மட்டும் சட்டத்தோடு பிறந்தது போல, பக்கச் சுவர்கள் அப்படியே உயர்ந்து வந்து மேலே சேர்கின்றன. எவலூட்சியோனேயில் பட்டறையில் வைத்து ஒட்டியது போல இருந்த இறக்கையை இங்கே கட்டடத்தின் தூணும் உத்தரமும் மாதிரி ஆக்கியதுதான் பினின்ஃபரினாவின் பெரிய வேலை என்று நினைக்கிறேன். பதின்மூன்று மாதத்தில் பந்தய வண்டியின் கரடுமுரடை அழிக்காமல் அதற்கு ஒரு ஒழுங்கு கொடுத்தார்கள்.

ஒரே விதிக்குப் பிறந்த இன்னொரு பிள்ளை

எஃப்40ஐ மட்டும் தனியே பார்த்தால் இந்த முடிவுகள் எல்லாம் தவிர்க்க முடியாதவை போலத் தோன்றும். அப்படி இல்லை என்பதற்கு ஜெர்மனியில் சாட்சி இருக்கிறது. போர்ஷே 959உம் குரூப் பிக்காகப் பிறந்ததுதான். எஞ்சினின் அளவுகூடக் கிட்டத்தட்ட அதே: 2.85 லிட்டர், இரண்டு டர்போ, 450 குதிரைத்திறன். ஆனால் போர்ஷே எடுத்த வழி நேர் எதிர். நாலு சக்கரத்துக்கும் இழுவை, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்யக் கணினி, தானாக உயரம் மாறும் சஸ்பென்ஷன், டயரில் காற்று குறைந்தால் சொல்லும் கருவி. முதலில் ஒரு டர்போவும் வேகம் கூடிய பிறகு இரண்டாவதும் சேர்ந்து சுழலும்படி வைத்து, மேலே சொன்ன அந்தத் தாமதத்தையும் பெருமளவு சமாளித்தார்கள். 1986இல் பாரிஸ்–டாக்கர் பாலைவனப் பந்தயத்தையே வென்றது அந்த வண்டி.

விலையாகக் கொடுத்தது எடை: 1450 கிலோ. டன்னுக்குக் கணக்குப் போட்டால் 959க்குச் சுமார் 310 குதிரைத்திறன். எஃப்40க்கு 435 பக்கம். உச்ச வேகம் 317க்கு 324. எண்களில் ஃபெராரி முன்னால்.

ஆனால் எதிர்காலத்தைச் சரியாகப் படித்தது யார் என்று கேட்டால் போர்ஷேதான். இன்றைக்கு ஆயிரம் குதிரைத்திறனோடு மழையிலும் பயமில்லாமல் ஓடுகிற வண்டிகள் எல்லாம் 959இன் வாரிசுகள். எஃப்40 ஒரு பழைய தெருவின் கடைசி வீடு. அதற்கு அப்பால் தெரு இல்லை. ஃபெராரியே அடுத்து வந்த எஃப்50இல் டர்போவை விட்டுவிட்டது, கார்பன் தொட்டிக்கு மாறியது.

எத்தனை என்றால் குறைவு?

சரி, அந்த எண்ணிக்கை விஷயம். தொடக்கத்தில் சுமார் 400 வண்டி செய்வதாகத்தான் பேச்சு. 1988 ஆகஸ்ட் 14ஆம் தேதி என்ஸோ 90 வயதில் காலமானார். கடைசி வண்டி என்ற செய்தி பரவியதும் கேட்டவர்கள் கூட்டம் கூடியது. வாங்கி ஓட்டாமல் வைத்திருந்து விற்றாலே லாபம் என்று வியாபாரிகள் இறங்கினார்கள். நிறுவனம் ஆர்டர் எடுத்துக்கொண்டே போனது. 1992இல் நிறுத்தும்போது 1311 வண்டிகள் வெளியே போயிருந்தன. சொன்னதைவிட மூன்று மடங்குக்கு மேல். 1990களின் தொடக்கத்தில் சந்தை சரிந்தபோது லாபத்துக்காக வாங்கியவர்கள் நன்றாகவே அடிபட்டார்கள்.

இதிலிருந்து ஃபெராரி பாடம் படித்தது தெரிகிறது. எஃப்50 வெறும் 349. என்ஸோ என்ற பெயரில் வந்த வண்டி 400. எஃப்40ஐவிட எஃப்50 கிட்டத்தட்ட நாலு மடங்கு அபூர்வம். எண்ணிக்கைதான் மதிப்பு என்றால் சுவரில் ஒட்டும் படமாக எஃப்50 இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பல ஆண்டுகளாக எஃப்40இன் நிழலில்தான் நின்றது.

அந்த ஐந்து ஆண்டுத் தயாரிப்பில் வண்டியும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமரசம் செய்துகொண்டது. தள்ளித் திறக்கும் பிளாஸ்டிக் போய், கைப்பிடியால் சுற்றி இறக்கும் கண்ணாடி வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் மாற்றி வந்தது. வேகத்தடையில் அடி தட்டாமல் இருக்க உயரம் மாற்றும் சஸ்பென்ஷன் வந்தது. அமெரிக்கச் சட்டங்களுக்காகச் செய்தவை இன்னும் கனமானவை. இளைத்த உடம்பில் தினம் ஒரு கவளம் கூடியது.

பந்தயமும் சுற்றி வந்து சேர்ந்தது. எந்தப் பந்தயத்துக்காகத் தொடங்கினார்களோ அது இல்லாமலே போனாலும், பதோவா ஊரின் மிக்கெலொத்தோ பட்டறை எஃப்40 எல்எம் என்ற பந்தய வடிவத்தைச் செய்தது. 1989இல் கலிஃபோர்னியாவின் லகூனா செக்கா ஓடுதளத்தில் ஜான் அலேசி அதை ஓட்டி முதல் போட்டியிலேயே மூன்றாவதாக வந்தார். தயாரிப்பு நின்ற பிறகு, 1990களின் நடுவில் தனியார் அணிகள் ஐரோப்பாவின் நெடுநேரப் பந்தயங்களில் இதை இறக்கின. பத்து வயதை நெருங்கிய வடிவத்துக்கு அது மோசமில்லை.

இன்றைக்கு ஒன்றை வாங்கப் போனால்

பொறியியல் முடிவுகளுக்கு வயதாகும்போதுதான் அவற்றின் மறுபக்கம் தெரியும். ஐரோப்பாவுக்கான எஃப்40இல் பெட்ரோல் இருப்பது இரும்புத் தொட்டியில் இல்லை, ரப்பர் பைகளில். விபத்தில் நசுங்கினாலும் கிழியாது என்பதற்காகப் பந்தய வண்டியிலிருந்து எடுத்த ஏற்பாடு. பந்தய வண்டியைப் பத்து ஆண்டு யாரும் வைத்திருப்பதில்லை. எனவே ரப்பரின் வயதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இல்லை. இங்கே அப்படி முடியுமா? ரப்பர் முதுமையடையும், கசியும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். பக்கத்தில் இரண்டு டர்போ நெருப்பாகச் சுடும் வண்டியில் பெட்ரோல் கசிவு என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எரிந்துபோன எஃப்40கள் உண்டு. கொட்டகையில் பூட்டி, துணி போர்த்தி, ஓட்டாமல் பாதுகாத்த வண்டிதான் இந்த விஷயத்தில் அதிக ஆபத்து. கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ரப்பருக்கு ஆண்டு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் வாங்கப் போகும்போது ஓடிய தூரத்தைக் கேட்பதற்கு முன் பைகளை மாற்றிய ரசீதைக் கேட்கிறார்கள். அடுத்து டார்ச் லைட்டை எடுத்துக் கதவின் மீதும் பின்மூடியின் மீதும் சாய்வாக அடித்துப் பார்க்கிறார்கள். சிவப்புக்கு அடியில் பின்னல் தெரிய வேண்டும். வழவழவென்று, கண்ணாடி மாதிரி, பின்னலே தெரியாமல் இருந்தால் முகம் சுருங்கிவிடும்: எங்கேயோ இடித்து, யாரோ அக்கறையாகத் திரும்பப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.